முதல் குரல் டப்பா

பட்டறையில் அவரைக் காதுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. ஸ்பீக்கர் செய்யும் அந்த இடத்தில் பலகை அறுக்க ஆள் உண்டு, ஒயர் பற்றவைக்க ஆள் உண்டு, பெயின்ட் அடிக்க ஆள் உண்டு. கேட்பதற்கென்று இருந்தது இவர் ஒருவர்தான். செய்து முடித்த பெட்டியைக் கேட்டுவிட்டு, இது தேறும், இது தேறாது என்று சொல்வது அவர் வேலை. அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டால் முதலாளியே மறுபேச்சுப் பேசமாட்டார்.

அதிலும் சென்டர் ஸ்பீக்கர் என்று வந்துவிட்டால் காதுக்காரரைக் கையில் பிடிக்க முடியாது. ஹோம் தியேட்டர் செட்டில் டிவிக்கு நேர் கீழே, படுத்த வாக்கில் ஒரு பெட்டி இருக்குமே, அதுதான். வெடியும் இடியும் ஹெலிகாப்டரும் மற்ற பெட்டிகளில் சுற்றிச் சுற்றி வரும். மனிதர்கள் பேசுவது மட்டும் இந்த ஒன்றிலிருந்துதான் வரும். மற்ற பெட்டிகள் கொஞ்சம் பொய் சொன்னாலும் யாருக்கும் தெரியாது, ஹெலிகாப்டரைப் பக்கத்தில் நின்று கேட்டவர்கள் எத்தனை பேர் என்று கேட்பார். மனிதக் குரல் அப்படியில்லை, பிறந்த நாளிலிருந்து கேட்டு வருகிறோம், அதில் துளி பிசகினாலும் தொட்டில் பிள்ளைக்குக்கூடத் தெரிந்துவிடும் என்பார். இதைப் பட்டறையில் ஒவ்வொருவரும் தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிப்பார்கள்.

சோதிப்பதற்கென்று பழைய சோபா ஒன்று போட்டிருந்தார்கள். முதலில் நடுவில் உட்கார்ந்து கேட்பார். பிறகு இடது ஓரம், பிறகு வலது ஓரம். மட்டமான பெட்டி நடுவில் உட்கார்ந்தவருக்கு ஒரு முகமும் ஓரத்தில் உட்கார்ந்தவருக்கு வேறொரு முகமும் காட்டும். குரல் மூக்கால் வந்தால் 'மூக்கு' என்பார். தகர டின்னுக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல் வந்தால் 'டப்பா' என்பார். ச, ஸ வரும் இடங்களில் காதைச் சுரண்டினால் 'சுரசுரப்பு'. அவருடைய அகராதி அவ்வளவுதான். அந்த மூன்று வார்த்தைகளுக்குப் பயந்து பட்டறையே நடுங்கியது.

சோதிக்க எடுத்துக்கொள்ளும் குரல் நமக்கு அத்துப்படியான குரலாக இருக்கவேண்டும் என்பது அந்தத் தொழிலில் பாலபாடம். ஊர் பேர் தெரியாத நடிகையின் குரலை வைத்துக்கொண்டு இது சரியா தப்பா என்று எப்படிச் சொல்வது? காதுக்காரர் தன் மனைவியின் குரலை வைத்திருந்தார்.

கல்யாணமான புதிதில் பதிவு செய்தது. எதிரொலி இல்லாத இடம் வேண்டும் என்று, படுக்கையறைத் துணி அலமாரியைத் திறந்து, தொங்குகிற சட்டைகளுக்கும் புடவைகளுக்கும் நடுவில் அவளைத் தலையை விடச் சொன்னார். அவள் சிரித்துச் சிரித்து நாலைந்து தடவை கெடுத்தாள். கடைசியில் ஒரு முறை சரியாக வந்தது. ஐந்தே வாக்கியம், ஒவ்வொன்றையும் ஒரு காரணத்துக்காக அவரே யோசித்து எழுதியிருந்தார்.

"பாப்பா, பந்தைப் பார்த்துப் பிடி." இது ப வரும்போது காற்று அடிக்கிறதா என்று பார்க்க.

"சீக்கிரம் சொல்லுங்க, சட்டைக்கு எந்த சோப்பு?" இது சுரசுரப்புக்கு.

"வந்தாச்சா? கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்." இது சாதாரணப் பேச்சு சாதாரணமாக வருகிறதா என்று அறிய.

"மழை வருது, வழியில நிக்காதீங்க." இது ழ-வுக்கு. மட்டமான பெட்டியில் ழ எல்லாம் ள ஆகிவிடும்.

"எனக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன்." இதைத் தாழ்ந்த குரலில் சொல்லச் சொன்னார், நெஞ்சிலிருந்து வரும் ஒலியைப் பார்ப்பதற்காக.

மூன்றாவது வாக்கியத்தில் 'கழுவிட்டு' என்று சொல்லும்போது அவள் தோள் பட்டு ஒரு ஹேங்கர் இன்னொன்றின் மேல் இடித்து, டிங் என்று மெல்லிய சத்தம் விழுந்துவிட்டது. அதை அவர் நீக்கவில்லை. அந்த டிங் எவ்வளவு துல்லியமாகக் கேட்கிறதோ அவ்வளவுக்குப் பெட்டியின் மேல் ஸ்தாயி நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். ஓசியில் கிடைத்த அளவுகோலை யார் விடுவார்கள்?

அதற்கப்புறம் எத்தனையோ வருஷங்கள் ஓடிவிட்டன. தினமும் பட்டறையில் அந்தக் குரலை அவர் நாற்பது ஐம்பது தடவை கேட்டார். வீட்டுக்குப் போனால் அதே ஆள், என்ன புதிதாகக் கேட்பதற்கு இருக்கிறது? மேல்வீட்டுக் குழாய் சொட்டுகிறது என்பதை டிவி ஓடும்போதுகூடக் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் நம் வீட்டுக் குழாயைச் சரிபண்ணுங்க என்று மனைவி சொன்னது மட்டும் அவர் காதில் ஏறாது. காது இருந்தது, காது கொடுக்கத்தான் தெரியவில்லை.

அவள் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. ஒன்றாம் வகுப்பு. கூரையைப் பிய்க்கும் பிள்ளைகளை நாள் முழுக்க அதட்டி, கொஞ்சி, பாடம் சொல்லி, மறுபடி அதட்டி, தொண்டை போய்விட்டது. தொண்டை கட்டிக்கிட்டே இருக்கு, சாயங்காலம் ஆனா எரியுது, ஒரு டாக்டர்கிட்ட போகலாமா என்று அவள் கேட்டது ஒரு தடவை இரண்டு தடவை அல்ல. அவர் "ம்" என்பார். அந்த 'ம்' எந்தப் பெட்டியிலும் தேறாது.

இப்படி இருக்கும்போதுதான் பட்டறையில் புது சென்டர் ஸ்பீக்கர் தயாரானது. இரண்டு பக்கமும் கை அகலத்துக்கு இரண்டு காகிதக் கோன், நடுவில் கீச்சொலிக்கென்று பட்டன் மாதிரி ஒரு ட்வீட்டர், உள்ளே பஞ்சு அடைத்த கனமான பெட்டி. காதுக்காரர் அதன்மேல் உயிரையே வைத்திருந்தார். பஞ்சைக் கூட்டிக் குறைத்து, பலகையைத் தடியாக்கி, காலுக்கு ரப்பர் வைத்து, மாதக்கணக்கில் மல்லுக்கட்டி, ஒரு நாள் சோபாவின் எந்த ஓரத்தில் உட்கார்ந்தாலும் மனைவி அப்படியே எதிரில் நின்று பேசுகிற மாதிரி வந்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. முதலாளியிடம் போய், இதுவரை செய்ததெல்லாம் பெட்டி, இது ஆள் என்றார்.

முதலாளி வியாபாரி. அவர் தலைக்குள் உடனே மணி அடித்தது. கடைக்காரர்களை வரவழைத்து அவர்கள் கண் முன்னால் ஒரு பரீட்சை வைப்போம் என்றார். கறுப்புத் துணி ஒன்றைக் குறுக்கே கட்டி, பின்னால் ஸ்பீக்கரையும் அதன் பக்கத்தில் மனைவியையும் நிறுத்துவது. ஒரே வாக்கியங்களை இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொல்வது. எது ஆள், எது பெட்டி என்று காதுக்காரர் சொல்லவேண்டும். சொந்தப் புருஷனே திணறினால் அதைவிட விளம்பரம் ஏது? ஹேங்கர் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் மூன்றாவது வாக்கியத்தை மட்டும் விட்டுவிடலாம் என்று காதுக்காரரே நியாயமாக எடுத்துச் சொன்னார்.

மனைவிக்கு இதில் இஷ்டமில்லை. தொண்டை சரியில்லை என்றாள். நாலு வாக்கியம்தானே என்றார். அவள் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தாள்.

பரீட்சை மத்தியான வெளிச்சத்தில், பட்டறைக் கூடத்தில் நடந்தது. கடைக்காரர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். காதுக்காரர் சோபாவின் நடுவில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

முதலில் ஒரு குரல் பேசியது. பிறகு இன்னொன்று. பாப்பா, பந்தைப் பார்த்துப் பிடி. பாப்பா, பந்தைப் பார்த்துப் பிடி. அவருக்கு இரண்டாவது வாக்கியத்துக்குக்கூடக் காத்திருக்கத் தேவையிருக்கவில்லை. ஆனாலும் நாலையும் கேட்டார், ஓரத்துக்கு நகர்ந்தும் கேட்டார், தொழில் தர்மம். பிறகு கண்ணைத் திறந்து, வழக்கம்போல எல்லோருக்கும் கேட்கிற மாதிரித் தீர்ப்புச் சொன்னார்.

"முதல் குரல் டப்பா. நெஞ்சே இல்ல, தொண்டையில தூசி அடைச்ச மாதிரி இருக்கு, ச வர்ற இடமெல்லாம் சுரசுரப்பு. யாரோ வயசான பொம்பளை பக்கத்து ரூம்ல பெட்டிக்குள்ள உக்காந்து பேசுற மாதிரி. பஞ்சு இன்னும் வைக்கணும். ரெண்டாவது என் வீட்டுக்காரி. இதுல சந்தேகமே வேண்டாம்."

முதலாளி துணியை இழுத்தார். ஒன்று என்று எழுதிய அட்டை மனைவியின் கையில் இருந்தது. இரண்டு என்ற அட்டை ஸ்பீக்கரின் மேல் சாய்த்து வைத்திருந்தது.

கூடம் கைதட்டலில் அதிர்ந்தது. கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். முதலாளி காதுக்காரரைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தமே கொடுத்துவிட்டார். காதுக்காரர் ஒரு கணம் மனைவியின் கையிலிருந்த அட்டையையே பார்த்தார். பிறகு தான் செய்த பெட்டி தன்னையே ஏமாற்றிவிட்ட பெருமையில் அதை மறந்துவிட்டார். மனைவி அட்டையை மேஜைமேல் வைத்துவிட்டு, முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டாள். அவளும் சிரித்தாள் என்றுதான் அவருக்கு ஞாபகம்.

திரும்பும்போது ஸ்கூட்டரில் அவள் பின்னால் உட்கார்ந்திருந்தாள். சிக்னலில் நின்றபோது முதுகுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"நிஜம் எதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. இனிமே நான் எதுக்கு?"

தூசி அடைத்த, நெஞ்சில்லாத, சுரசுரப்பான குரல். அது பெட்டியோட தரம்மா, உன்னைக் குறை சொல்லலை என்று அவர் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சமாதானம் சொன்னார். பச்சை விழுந்தது. வண்டியை எடுத்துவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்துகொண்டு வீட்டுக்குள் நுழைந்தார். அவள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

"வந்தாச்சா? கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்."

குழாயடிக்கு இரண்டு எட்டு வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். அந்த 'வந்தாச்சா'வுக்கு முன்னால் நாக்கு அண்ணத்தை விட்டுப் பிரிகிற மெல்லிய சத்தம், 'வாங்க'வில் குரல் லேசாக மேலே ஏறி இறங்குகிற இடம், எல்லாம் அவருக்கு அத்துப்படி. அது பட்டறைக் குரல். கல்யாணமான புதிதின் குரல். தூசி இல்லை, சுரசுரப்பு இல்லை. அது மட்டுமானால்கூடப் பரவாயில்லை, தொண்டை சரியாகிவிட்டதாக்கும் என்று சாப்பிட உட்கார்ந்திருப்பார். 'கழுவிட்டு' என்ற இடத்தில் டிங் என்று கேட்டது.

அவள் கையில் கரண்டி இல்லை. வளையல் போடும் வழக்கமும் இல்லை. கிட்டத்தில் இரும்பு என்று பார்த்தால் ஜன்னல் கம்பிதான், அதற்கும் அவளுக்கும் நாலடி தூரம். அவர் சமையலறையைச் சுற்றி வந்தார், அலமாரியைத் திறந்து மூடினார், தட்டுகளைத் தொட்டுப் பார்த்தார். அவள் நின்ற இடத்திலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்னம்மா ஆச்சு, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன்."

தாழ்ந்த குரல், நெஞ்சிலிருந்து நேராக வந்த ஒலி. எந்தப் பெட்டியும் அவ்வளவு சுத்தமாகச் சொன்னதில்லை.

அன்றிலிருந்து அவள் வாயிலிருந்து அந்த ஐந்தைத் தவிர வேறொன்றும் வரவில்லை. துணி துவைக்கப் போகும்போது எந்த சோப்பு என்று கேட்டாள். வெயில் மண்டையைப் பிளக்கிற மதியத்தில், அவர் வாசலுக்கு வந்து நின்றால், மழை வருது, வழியில நிக்காதீங்க என்றாள். வீட்டில் பாப்பாவும் இல்லை, பந்தும் இல்லை. ஆனாலும் சில சமயம், பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, பந்தைப் பார்த்துப் பிடி என்று சுவரிடம் சொன்னாள். முதலில் கோபத்தில் செய்கிறாள் என்று நினைத்தார். கோபக்காரர்களுக்கு இத்தனை பொறுமை ஏது?

அதைவிட அவரை உலுக்கியது வேறு. ஐந்து வாக்கியத்தில் குடும்பம் தடங்கலில்லாமல் நடந்தது. சோறு வந்தது, சட்டை இஸ்திரி போட்டு வந்தது, வாரம் ஓடியது. இதற்கு முன்னால் இவள் என்னதான் பேசிக்கொண்டிருந்தாள் என்று யோசித்துப் பார்த்தார். ஒரு வார்த்தைகூட நினைவுக்கு வரவில்லை.

ஒரு நாள் மாடிப்படி ஏறி வரும்போது கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டார். உள்ளே அவள் யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். "இல்லக்கா, அந்தப் பொடியன் இன்னைக்கும் பென்சிலை மூக்குல விட்டுக்கிட்டான்" என்று சொல்லி, கரகரவென்று சிரித்து, சிரிப்பு இருமலாகி, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி சிரித்தாள். அவளுடைய அக்காவோடு பேசுகிறாள். நிஜமான குரல். நெஞ்சில்லை, தூசி, சுரசுரப்பு. அவசர அவசரமாகச் சாவியைத் திருகி உள்ளே பாய்ந்தார்.

அவள் போனைக் கீழே வைத்திருந்தாள். "வந்தாச்சா? கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்." டிங்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறையிலிருந்து மைக்கையும் பதிவுக் கருவியையும் எடுத்துவந்தார். தொழில்காரன் கடைசியில் நம்புவது கருவியைத்தானே. அலமாரியைத் திறந்தார். தலையை உள்ளே விட்டு அதே அஞ்சையும் சொல்லும்மா என்றார். அவள் மறுக்கவில்லை. அந்த ஹேங்கர்கள் எல்லாம் போய்ப் பிளாஸ்டிக் ஹேங்கர்கள் வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. அதைத் தொட்டுப் பார்த்து உறுதிசெய்துகொண்டுதான் பதிவு செய்தார்.

பிறகு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அந்தச் சோதனையைச் செய்தார். இரண்டு பதிவுகள் ஒன்றேதானா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒன்றைத் தலைகீழாகப் புரட்டி மற்றதன்மேல் போடவேண்டும். பொதுவாக இருப்பதெல்லாம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், வித்தியாசம் மட்டும் மிஞ்சும். உயிருள்ள மனிதர் ஒரே வாக்கியத்தை அடுத்தடுத்து இரண்டு தடவை சொன்னால்கூட மிச்சம் குப்பையாகக் குவியும். இதுவோ வருஷக்கணக்கில் இடைவெளி விட்ட இரண்டு பதிவு. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார்.

ஒன்றுமில்லை. மூச்சு இல்லை, முணுமுணுப்பு இல்லை, டிங்கூட மிஞ்சவில்லை. கருவி ஓடுகிறது என்று விளக்கு சொன்னது. காதில் பாழுங்கிணற்று மௌனம். வாழ்நாளில் அவர் கேட்டதிலேயே பயங்கரமான சத்தம் அதுதான்.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு, மேஜைமேல் கிடந்த செய்தித்தாளை அவளிடம் நீட்டினார். ஏதாவது ஒரு வரி, எந்த வரியானாலும் சரி, படி என்று கெஞ்சினார். அவள் தாளை வாங்கி, கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்து, ஒரு செய்தியின்மேல் விரலை ஓட்டினாள். வாயைத் திறந்தாள்.

"பாப்பா, பந்தைப் பார்த்துப் பிடி."

அவள் கை தொண்டைக்குப் போயிற்று. கண்ணில் தண்ணீர் திரண்டது. வருஷக்கணக்கில் கேட்டு மட்டுமே பழகிய மனிதர் அன்றைக்குத்தான் அவளைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இல்லை. பயந்துபோயிருந்தாள், அவரைவிட அதிகமாக.

திங்கட்கிழமை முதலாளியிடம் போய், நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், முதல் குரல்தான் சரி, அந்தப் பெட்டியை நிறுத்துங்கள் என்றார். முதலாளி அவரை உட்காரவைத்து, காற்றாடியை வேகமாக வைத்தார். சுவரில் புது விளம்பரம் மாட்டியிருந்தது: கட்டிய கணவனையே ஏமாற்றிய குரல். அதன் கீழே பெட்டியின் படம். மறந்தும் வெளியில் சொல்லிவிடாதீர்கள், இரண்டு நாள் லீவு எடுத்துக்கொள்ளுங்கள் என்று தோளில் தட்டிக்கொடுத்தார் முதலாளி.

காதுக்காரர் கேட்கும் அறைக்குப் போனார். பழைய பதிவை அழித்தார். பதிவு அழிந்தது. பக்கத்து அறையில் வரிசையாகப் பேக் செய்து வைத்திருந்த பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். இவ்வளவு நாளும் தினம் நாற்பது தடவை கேட்டது பழைய பெண்ணை. வீட்டில் இருந்தவள் கண்ணெதிரே வயதாகி, தொண்டை கிழிந்து, கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோனது அவர் காதில் விழவேயில்லை. அதனால்தான் அவளுடைய நிஜக் குரல் அவருக்கு டப்பாவாகக் கேட்டது. இது புரிந்தபோது அவருக்கு அழுகை வந்தது. பெட்டிகளுக்கு நடுவில் நின்று விம்மி விம்மி அழுதார்.

மத்தியானமே வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். பள்ளிக்கு விடுமுறை, அவள் வீட்டில்தான் இருப்பாள். படியேறும்போதே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். கதவில் காதை வைத்தார்.

உள்ளே அவள் பாடிக்கொண்டிருந்தாள். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாட்டாக இருக்கவேண்டும், ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணிக்கொண்டே போயிற்று. ஐந்தில் குரல் உடைந்தது, இருமினாள், ஆறிலிருந்து தொடர்ந்தாள். கதவு தடித்த மரம். அதன் வழியாக வந்தபோது, அவர் தீர்ப்புச் சொன்னாரே, யாரோ பக்கத்து ரூமில் பெட்டிக்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி என்று, அச்சு அசலாக அப்படியே இருந்தது. எத்தனையோ வருஷங்களாகப் பெட்டி பெட்டியாகக் கேட்டவர் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. பஞ்சைக் கூட்டவும் தோன்றவில்லை, குறைக்கவும் தோன்றவில்லை.

சாவியை எடுத்தார். பூட்டுக்குக் கிட்டே கொண்டுபோனபோது, அது லேசாக உரசியதில் பாட்டு நின்றுவிட்டது.

"நான்தான்" என்றார் கதவைப் பார்த்து. "நான் தப்பா சொல்லிட்டேன். எல்லார் முன்னாடியும் தப்பா சொல்லிட்டேன்."

பிறகு கதவுக்கு வெகு கிட்டத்தில், அவர் காது இருந்த உயரத்திலேயே, அவள் மூச்சு கேட்டது.

"திறக்காதீங்க" என்றது கரகரத்த குரல். "உங்க முன்னாடி வந்தா அதுதான் வருது. நானா செய்யல. நான் பேசணும்னுதான் வாயைத் திறக்கிறேன், அது முந்திக்குது. அங்கேயே இருங்க. அங்கே இருந்தா என்னால பேச முடியுது."

பதிவை அழித்துவிட்டதாகச் சொன்னார். அழிச்சும் ஒண்ணும் ஆகல, காலையிலிருந்து கண்ணாடி முன்னால நின்னு பார்த்துட்டேன் என்றாள். உங்க முகத்தை நினைச்சுக்கிட்டு வாயைத் திறந்தாலே டிங்குன்னு கேக்குது.

கீழ்வீட்டு அம்மா வெறும் வாளியோடு படியேறி வந்தவள், சொந்த வீட்டு வாசலில், கையில் செருப்போடு நிற்கிற மனிதரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனாள். அவருக்கு வெட்கமாக இல்லை. சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். படியில் கதவோரமாக உட்கார்ந்து, மரத்தில் கன்னத்தைச் சாய்த்தார். உள்ளே அவளும் உட்காருகிற சத்தம் கேட்டது.

கேட்கவேண்டியதை இத்தனை வருஷங்களில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை என்பது அவருக்கு அப்போது உறைத்தது.

"தொண்டை எப்படிம்மா இருக்கு?"

அவர் காதை மரத்தோடு அழுத்திக்கொண்டார். எனக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன் என்று வந்துவிடுமோ என்று பயந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் நாக்கு அண்ணத்தை விட்டுப் பிரிந்தது.

"வலிக்குது" என்றாள்.